மாதிரிப் பாக்கெட்

ஏப்ரல் 6, திங்கள்

வேக்கம் மெஷின் வந்துவிட்டது. பையின் வாயை உள்ளே வைத்து மூடியை அழுத்தினால், காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு வாயைச் சூட்டில் ஒட்டிவிடுகிறது. கொண்டுவந்து கொடுத்தவர், "சீல் சரியா விழுதான்னு ஒரு தடவ பாத்துக்கோங்கம்மா" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனார். யாரிடம் சொல்கிறார்! பால் பண்ணையில் பாக்கெட் போடும் பிரிவுக்கு சூப்பர்வைசராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். வசந்தாமணி டூட்டி என்றால் லீக் பாக்கெட் வெளியே போகாது என்று வேன் டிரைவர்களே சொல்வார்கள். ஷிப்டு முடிந்ததும் அன்றைய நிலவரத்தை எழுதிவைக்கிற பழக்கம்தான் இந்த டைரியாக நீள்கிறது.

மெஷின் எதற்கு என்றால், தாரணிக்கு மே மாதக் கடைசியில் பிரசவம். தலைப்பிரசவம். முறைப்படி ஈரோட்டில், என் வீட்டில் நடந்திருக்க வேண்டியது. மாப்பிள்ளை நவநீதனுக்கும் அவளுக்கும் கனடாவில் வேலை, அங்கேயே ஆகட்டும் என்று முடிவாகிவிட்டது. நான் போகவில்லை. அந்தக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மாப்பிள்ளையின் அம்மா சரோஜினி கோபியிலிருந்து போகிறார். போய்ப் பார்த்துக்கொள்ளட்டும், அவருக்கும் பேரப்பிள்ளைதானே.

ஆனால் பத்தியச் சாமான் என் கையால்தான் போகும். அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

ஏப்ரல் 8, புதன்

பழகிப் பார்த்தேன். முதலில் அரிசி. காற்று போனதும் பை செங்கல்லாக இறுகிவிட்டது. பெருமையாக இருந்தது. அடுத்து இட்லிப் பொடி. காற்றோடு பொடியும் கிளம்பி மெஷினுக்குள் புகுந்துகொண்டது. ஒட்டிய இடத்தில் பொடி இருந்ததால் சீலும் நிற்கவில்லை. இருமிக்கொண்டே துடைத்தேன். பொடிக்கு மேலே டிஷ்யூ பேப்பரை மடித்துச் சொருகினால் தொல்லை இல்லை என்று பிறகு புரிந்தது.

கடைசியில் குறும்பாக ஒரு வேலை செய்தேன். மிச்சமிருந்த இட்லி மாவை ஒரு பையில் அடைத்துச் சமையல் மேடையிலேயே வைத்தேன். சாயங்காலத்துக்குள் பை உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வேக்கத்துக்கே தண்ணி காட்டிவிட்டது மாவு. தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று சிரித்து முடித்த பிறகு தோன்றியது.

ஏப்ரல் 11, சனி

தாரணி போன் செய்யவில்லை. அங்கே சனிக்கிழமைதான் துணி துவைக்க, கடைக்குப் போக எல்லாம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு பாவம் எத்தனை செய்வாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

சித்திரை ஒன்று. நேற்றே மாம்பழம், வெள்ளரி, பூ, கண்ணாடி எல்லாம் வைத்துக் கனி ஜோடித்திருந்தேன். காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் என் முகம். வேறு யார் முகம் வரும்?

பருப்பு, பொரியல், பாயசம் எல்லாம் வைத்தேன். அவர் போய் மூன்று வருஷம் ஆகிறது, ஒருத்திக்கு அளந்து சமைக்க இன்னும் கை பழகவில்லை. மிச்சத்தை ஆறவைத்து, சின்னச் சின்னப் பைகளில் வேக்கம் போட்டு ஃப்ரீசரில் அடுக்கினேன். ஃப்ரீசர் நிறைந்துவிட்டது.

ஆயிஷா வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டாள். பண்ணை லேபில் என்னோடு இருந்தவள். ரிட்டயர் ஆன பிறகும் மறக்காமல் கூப்பிடுகிற ஒரே ஆள்.

"எப்பக்கா கனடா கிளம்புறீங்க?"

"ஆடி கழியட்டும்னு பாக்கறேன்."

"கொழந்தை மே மாசம்ல பொறக்குது?"

"சம்பந்தியம்மா மொதல்ல போறாங்க. ரெண்டு பேரும் ஒண்ணா எதுக்கு? அவங்க வந்தப்புறம் போனா நான் நிம்மதியாக் கொஞ்சலாம் பாரு."

எப்படித்தான் வாயில் வருகிறதோ.

ஏப்ரல் 19, ஞாயிறு

செலவு வறுத்தேன். எங்கள் பக்கம் மிளகு, சீரகம், மல்லி, திப்பிலி, சுக்கு என்று ரசத்துக்குச் சேரும் சாமானுக்கு மொத்தமாகச் செலவு என்று பேர். பிள்ளை பெற்றவளுக்குச் செலவு ரசம் வைக்காத வீடு கிடையாது. நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே, "வூட்டுல பிரசவமுங்களா?" என்றார்.

"ஆமாங்க, பொண்ணுக்கு."

"பச்ச ஒடம்பு, தலைக்குத் தண்ணி ஊத்தறப்ப பாத்து ஊத்துங்க. நல்லா தொவட்டி உடுங்க."

சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வறுத்ததைத் துணியில் பரப்பி நன்றாக ஆறவிட்டுத்தான் அரைத்தேன். அரைத்ததையும் ஆறவிட்டேன். சூட்டோடு அடைத்தால் உள்ளே வேர்த்துவிடும், வேர்த்தால் பூசணம். பருப்புப் பொடி, அங்காயப் பொடி, மணத்தக்காளி வற்றல், சுண்டை வற்றல் எல்லாம் ஆயிற்று. எல்லாம் கலகலவென்று காய்ந்தவை. அந்தப் பைகளை அடுக்கிவைத்துப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வீடு முழுக்கப் பிரசவ வீட்டு வாசம்.

ஏப்ரல் 22, புதன்

பீரோவில் இருந்த இரண்டு ஸ்வெட்டர், சாக்ஸ், கம்பளிக் குல்லாய் எல்லாவற்றையும் வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தேன். பூச்சி அரிக்காமல் இருக்கும்.

ஏப்ரல் 27, திங்கள்

பூண்டுத் தொக்கு. இதுதான் முக்கியம். தாரணி சின்னதிலிருந்தே குழம்பில் பூண்டை மட்டும் பொறுக்கித் தின்பாள். அவள் அப்பா தன் தட்டில் இருப்பதையும் எடுத்து அவள் தட்டில் போடுவார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவும் பூண்டுதான். இரண்டும் ஒத்துப்போகிறது.

மலைப்பூண்டு வாங்கி உரித்தேன், நகக்கண் எல்லாம் எரிகிறது. நல்லெண்ணெயில் பதமாக வதக்கி, கொஞ்சம் சீரகம், மிளகு, கருப்பட்டித் துளி. பத்தியத் தொக்கு என்பதால் புளி கிடையாது, மிளகாய் கிடையாது, உப்பும் பேருக்குத்தான். பச்சை உடம்புக்காரிக்கு ஆகாது. ஆறவிட்டு வேக்கம் போட்டேன். எண்ணெய் மெஷினுக்குள் இழுக்காமல் இருக்கப் பொறுமை வேண்டியிருந்தது. ஒவ்வொரு பையையும் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன், ஒரு குமிழ் வரவில்லை. பண்ணையில் இப்படித்தான் லீக் பார்ப்போம். எந்த மெஷினில் போட்டாலும் இது வசந்தாமணி சீல்.

ஃப்ரிட்ஜில் இடம் இல்லை. இருந்தாலும் எதற்கு? காற்றே இல்லாத பைக்குள் என்ன கெடப்போகிறது? சமையலறை அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

பழக்கம் விடவில்லை, ஒவ்வொரு சாமானிலும் ஒரு பையை எடுத்துத் தனியாக வைத்திருக்கிறேன். பண்ணையில் ஒரே தடவையில் போடுகிற ஒவ்வொரு லாட்டிலும் ஒரு பாக்கெட்டை வெளியே அனுப்பாமல் மாதிரிக்கு நிறுத்திவைப்போம். ஊருக்குள் போன பால் எப்படி இருக்கிறது என்று அதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அங்கே தாரணி தின்னும்போது இங்கேயும் அதே பை இருக்கும். அது ஒரு ஆறுதல்.

மே 3, ஞாயிறு

சம்பந்தி வந்து சாமானை வாங்கிக்கொண்டு போனார். பூவும் பழமும் ஒரு புடவையும் கொண்டு வந்திருந்தார். நான் கேட்டேனா புடவை?

பெட்டியில் எடை இடிக்கும் என்று எதையாவது கழிப்பார், சண்டைக்கு நிற்கலாம் என்று தயாராக இருந்தேன். அவர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, "அடேங்கப்பா, கல்லாட்டம் இருக்குதுங்களே! என்ற துணிமணியக் கொறச்சுக்கறனுங்க, இது அத்தனையும் வரட்டும்" என்றார். சண்டைக்கு வழியில்லாமல் போயிற்று.

"பூண்டுத் தொக்க மட்டும் மறந்துராதீங்க. அதுக்குத்தான் அவ உசுர உடுவா."

"அஞ்சா நாள்லேருந்து குடுக்கறனுங்க. வேறென்ன சொல்லோணும் தாரணிகிட்ட?"

"ஒண்ணுமில்லீங்க."

காபியை ஆற்றிக்கொண்டே, "அந்த விசாக்காரங்களுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுங்க. பெத்தவளுக்குக் குடுக்காம எனக்குக் குடுத்திருக்கறாங்களே. நீங்க போற எடத்துக்கு நான் போறனேன்னு எனக்கு ஒருபக்கம் கூச்சமா இருக்குதுங்க" என்றார்.

அந்தப் பேச்சை எடுத்திருக்க வேண்டாம். "எனக்குக் குளுரு ஆகாதுங்க" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவர் நல்ல மனுஷிதான். அதுதான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

மே 7, வியாழன்

விசா ஏஜென்ட் கூப்பிட்டார். மறுபடி போட்டாலும் கஷ்டம்தான் என்றார். காரணத்தை இன்றைக்குத்தான் வெளிப்படையாகக் கேட்டேன்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. உங்க சம்பந்தியம்மாவுக்குப் புருஷன் இருக்கார், தோட்டம் இருக்கு, இன்னொரு மகன் குடும்பம் இருக்கு. திரும்பி வந்துருவாங்கன்னு நம்புறாங்க. உங்களுக்கு ஒரே பொண்ணு, அதுவும் அங்க. இங்க உங்களத் திருப்பி இழுக்கறதுக்கு ஆள் யாரும் இல்லேன்னு நெனைக்கறாங்க."

ஃப்ரிட்ஜ் நிறையப் பாயசம் இருக்கிறது என்று எழுதிப் போட்டிருக்கலாம்.

அவர்கள் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மத்தியானம் சாப்பிடவில்லை.

மே 9, சனி

சம்பந்தி விமானம் ஏறிவிட்டார். இங்கே மழை வருவது போல இருட்டிக்கொண்டு வந்தது, வரவில்லை.

மே 12, செவ்வாய்

வீடியோவில் வந்தார்கள். தாரணிக்கு முகம் நன்றாக உப்பியிருக்கிறது. கால் வீங்கியிருக்கிறதா காட்டு என்றேன், சிரித்துக்கொண்டே காட்டினாள். பிறகு சம்பந்தி போனைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அலமாரியைத் திறந்து காட்டினார். என் பைகள் வரிசையாக நின்றிருந்தன, ஒட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து. நான் போகாத வீட்டில் எனக்கென்று ஓர் அலமாரித் தட்டு. "அம்மா, இத்தனையும் நான் திங்கறதா, ஊருக்குப் பந்தி போடறதா?" என்றாள் தாரணி. ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மே 18, திங்கள்

மாதிரிப் பைகளை அழுத்திப் பார்த்தேன். பொடியும் வற்றலும் அப்படியே இறுக்கமாக இருக்கின்றன. பூண்டு மட்டும் கொஞ்சம் தளர்ந்த மாதிரி. வெயில் அப்படி.

மே 21, வியாழன்

பேத்தி! தாயும் பிள்ளையும் நலம். மூன்று கிலோவுக்கு மேல். மூக்கு தாரணி அப்பாவுடையது, சந்தேகமே இல்லை. போன் திரையில் அவள் முகம் என் கட்டை விரல் அளவு தெரிந்தது. கண்ணீரில் அதுவும் கலங்கிப்போயிற்று. சம்பந்திதான் கையில் ஏந்தியிருந்தார்.

குடியிருப்பில் கதவு கதவாகப் போய்ச் சர்க்கரை கொடுத்தேன். பாதிக் கதவு பூட்டியிருந்தது.

மே 24, ஞாயிறு

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். செலவு ரசம் இறங்கியது என்றார் சம்பந்தி. "நாளக் கழிச்சுப் பூண்டு ஆரம்பிக்கலாமுங்களா?" என்று நான் கேட்டதற்கு ஏனோ பதில் சொல்லாமல் குழந்தை அழுகிறது என்று போய்விட்டார். குழந்தை அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

மே 25, திங்கள்

பூண்டு மாதிரிப் பை உப்பியிருக்கிறது.

சீல் விட்டிருக்கும் என்று தண்ணீரில் அமுக்கினேன். குமிழ் இல்லை. திருப்பி அமுக்கினேன். இல்லை. சீல் கெட்டியாகத்தான் இருக்கிறது.

ஈரோட்டு வெயிலுக்கு எதுதான் உப்பாது? அங்கே குளிர் ஊர். அங்கே ஒன்றும் ஆகியிருக்காது. பையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு டிவி பார்த்தேன். என்ன ஓடியது என்று கேட்டால் தெரியாது.

மே 26, செவ்வாய்

விடிந்ததும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தேன். அப்படியே உப்பிக்கொண்டு இருந்தது. கத்தரித்து ஒரு துளி நாக்கில் வைத்தால் தெரிந்துவிடுமே என்று கத்தரிக்கோலைக்கூட எடுத்தேன். என்ன தோன்றியதோ, கீழே வைத்துவிட்டு ஆயிஷாவைக் கூப்பிட்டேன்.

முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு சத்தம் போட்டாள். அவள் என்னிடம் சத்தம் போட்டதே இல்லை.

"தொறக்காதீங்க! மோந்து பாக்காதீங்க, நாக்குல வைக்காதீங்க. புளி இல்ல, உப்பு இல்ல, எண்ணெய்க்குள்ள பூண்டு, அதுல காத்தையும் எடுத்துட்டீங்க. காத்து இல்லேன்னா சாகறது ஒரு கிருமி. காத்து இல்லாத எடத்துலதான் வளர்றது இன்னொண்ணு. அது விஷத்தைக் கக்கிவைக்கும்க்கா. வாசமும் வராது, ருசியும் மாறாது. மூச்சையே நிறுத்திரும். உப்பாத பையிலயும் இருக்கலாம்."

"நான் நல்லா சீல்..."

"பாலுக்குப் போடாத சீலாக்கா? காய்ச்சி, சீல் போட்டு, அதுக்கப்புறமும் குளிர் ரூம்லதானே வெச்சோம்? நீங்கதானே கதவ மூடு, கதவ மூடுன்னு கத்துவீங்க?"

ஆமாம். நான்தான் கத்துவேன். பணிக்காலம் முழுக்கக் கத்தினேன். இட்லி மாவு வேறு முன்கூட்டியே கண்ணெதிரில் உப்பிக் காட்டியது, நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

உடனே கூப்பிட்டேன். அங்கே ராத்திரி. தாரணி எடுக்கவில்லை, சம்பந்தி எடுக்கவில்லை, மாப்பிள்ளை எடுக்கவில்லை. குழந்தை தூங்க வேண்டும் என்று சத்தத்தை அணைத்து வைத்திருப்பார்கள். அவர்களுக்கு விடிகிறவரை நான் என்ன செய்வேன்? மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வீடு முழுக்க நடந்தேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். மத்தியானம் தாரணிக்கு ஒரு மெசேஜ் அடித்தேன். "பூண்டு சாப்பிட்டால் குழந்தைக்கு வயிறு வலிக்குமாம், டாக்டர் சொன்னார், தொக்கு வேண்டாம்." அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரியாது. வசந்தாமணியின் சீலுக்கும் ஒரு குறை வராது. பெற்றவள் விஷத்தைக் கட்டி அனுப்பினாள் என்று கோபியில் யாரும் பேச மாட்டார்கள். அந்த வீட்டில் எனக்கு இருந்தது அந்த அலமாரித் தட்டு ஒன்றுதான், அதையும் நானே என் வாயால் குப்பையில் போடச் சொல்ல வேண்டுமா?

அனுப்பவில்லை. பண்ணையில் ஒரு லாட் கெட்டுப்போனால் காரணத்தைச் சொல்லித்தான் திருப்பிக் கேட்போம். காரணம் சொல்லாமல் கேட்டால், எங்காவது ஒரு கடைக்காரர் பரவாயில்லை, நாம் காய்ச்சிக் குடிக்கலாம் என்று ஒரு டப் பாலை நிறுத்திக்கொள்வார். அடித்ததை அழித்துவிட்டு மறுபடி கூப்பிட ஆரம்பித்தேன்.

சாயங்காலம் சம்பந்தி எடுத்தார். அங்கே காலை.

"ஏனுங்க சம்பந்தி, இத்தன தடவ கூப்பிட்டிருக்கறீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. பூண்டுத் தொக்க தாரணிக்குக் குடுத்துட்டீங்களா?"

"இல்லீங்க. ஒண்ணு சொன்னா மனசு நோகக் கூடாதுங்க. அதுல ரெண்டு பை உப்பிக் கெடந்துச்சு. பிள்ள பெத்தவளுக்குக் குடுக்க எனக்குப் பயமா இருந்துச்சுங்க. அதான் ஏழு நாளாவட்டும், பத்து நாளாவட்டும்னு அவகிட்டச் சாக்குச் சொல்லிட்டிருக்கறேன்."

"எங்கிட்ட ஏனுங்க சொல்லல?"

"எப்படீங்க சொல்றது? வர முடியலியேன்னு அத்தன ஆசையாச் செஞ்சு குடுத்தனுப்புன பண்டம். கொட்டறதுக்கும் கை வரல. உப்பாத பையாப் பாத்து நானே சுட வெச்சுத் தின்னு தீத்துரலாம்னு இப்பத்தான் ஒண்ண எடுத்து..."

"தொடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில் அங்கே குழந்தை விழித்து அழுதது. இந்தத் தடவை எனக்கும் கேட்டது. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்த தப்பு, சீல் நன்றாக இருந்தாலும் அதற்குள் விஷம் இருக்கலாம், சுட வைத்தால் சரியாகிவிடும் என்று நம்ப முடியாது, ஒரு பையையும் திறக்காமல் இன்னொரு கவரில் கட்டி வெளியே போட வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், பொடியும் வற்றலும் காய்ந்தவை, அவற்றுக்கு ஒன்றுமில்லை. பெற்ற பெண்ணுக்கும் அந்த அம்மாளுக்கும் நான் என்ன செய்யப் பார்த்தேன்!

பின்னால் தாரணி குரல். "அத்தை, அம்மாவா? என்னாச்சு?"

அவளிடம் இன்னொரு தடவை சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "பால் பண்ணை சூப்பர்வைசர் லாட்டே ரிஜெக்ட் ஆயிருச்சா!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "அப்ப எனக்குப் பூண்டு கெடையாதாம்மா?"

சம்பந்திதான் பேசினார்.

"ஏன் இல்ல கண்ணு? இங்கயே பூண்டு கெடைக்குது. அன்னன்னிக்கு வேணுங்கறத அன்னன்னிக்குச் செஞ்சுக்கலாம். நான் வதக்கறேன், உங்கம்மா போன்ல பாத்துட்டு பதம் சொல்லட்டும். எனக்கு இந்தப் பக்குவமெல்லாம் கைவராதுங்க சம்பந்தி, நீங்க இருந்துதான் ஆவோணும்."

கோபியில் நாலு பிரசவம் பார்த்த கை அது. கைவராதாம்.

மே 27, புதன்

மாதிரிப் பையை இரண்டு கவரில் கட்டி, யாரும் பிரிக்காதபடி குப்பையில் சேர்த்தேன். மேடையைத் துடைத்தேன். ஆயிஷாவிடம் விஷயத்தைச் சொன்னேன். விசா கிடைக்காததையும் சேர்த்துச் சொன்னேன். "தெரியும்க்கா" என்றாள்.

சாயங்காலம் சம்பந்தி போனை உப்பு ஜாடியின் மேல் சாய்த்துவைத்தார். அடுப்பும், ஜன்னலில் ஒரு மரமும் தெரிந்தன. "தீயக் கொறைங்க", "அட, இன்னுங் கொஞ்சம் செவக்கட்டுமுங்க" என்று இங்கிருந்து அதிகாரம் செய்தேன். அவர் "சரிங்க, சரிங்க" என்று கேட்டுக்கொண்டார். ஒரு வேளைக்கு மட்டும். மிச்சம் வந்தால் ஃப்ரிட்ஜ், அதுவும் மறுநாளோடு சரி.

தட்டை எடுத்துக்கொண்டு தாரணியிடம் போனவர் போனை வைக்க மறந்துவிட்டார். மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டில் விரல் படும் சத்தம். "எப்படி இருக்குது கண்ணு?" "அம்மா வெச்ச மாதிரியே இருக்கு அத்தை." குழந்தை சிணுங்கியது. "ஏண்டி, பசிக்குதா? இரு இரு, அம்மா சாப்பிட வேண்டாமா?" என்றாள் தாரணி. அது என் குரல். நான் அவளிடம் பேசிய அதே குரல்.

நான் இருக்கிறேன் என்று சத்தம் கொடுக்கவில்லை. சார்ஜ் தீர்ந்து போன் அணைகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 30, சனி

இன்றும் மறந்துவிட்டார்.

ஜூன் 3, புதன்

அடுப்புச் சூடு போனுக்கு ஆகாது என்று சம்பந்தி இன்று அதைக் கூடத்தில் வைத்தார். அங்கே வைத்தால் தொட்டில் தெரிகிறது. "இருங்க சம்பந்தி, இதா வந்தர்றேன்" என்று போனவர் வரவேயில்லை. குளிப்பாட்டினார்கள், சாம்பிராணி போட்டார்கள், மாப்பிள்ளை சாவியைக் காணோம் என்று தேடினார். சாவி தொட்டிலுக்கு அடியில் கிடந்தது எனக்குத் தெரிந்தது. "அங்க கீழ பாருங்க மாப்பிள்ள" என்றேன். அவர் திடுக்கிடக்கூட இல்லை, "தேங்க்ஸ் அத்தை" என்று எடுத்துக்கொண்டு போனார்.

ஃப்ரீசரில் இருந்த பருப்பை எடுத்துச் சூடாக்கி, போனுக்கு எதிரில் உட்கார்ந்து ராத்திரிச் சாப்பாட்டை முடித்தேன். அவர்களுக்கு அது காலைப் பலகாரம்.

சம்பந்திக்கும் வயசாகிறது, நினைவு நிற்பதில்லை. தினமும் போனை வைக்காமல் போய்விடுகிறீர்கள் என்று நானும் சொல்லிக்கொள்ளவில்லை. இங்கே என் சார்ஜர் வயர் சாப்பாட்டு மேஜை வரை எட்டவில்லை. நாளை கடைக்குப் போய் நீளமாக ஒன்று வாங்க வேண்டும்.